துறைமுக ஊரின் பழைய கற்களையும் நினைவுப் பலகைகளையும் பதிவு செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

கப்பல் வந்துபோன எந்த ஊரிலும் எழுத்துள்ள கற்கள் நிறைய இருக்கும். கல்லறைக் கல், கலங்கரை விளக்கத்தின் அடிக்கல், மூழ்கிய கப்பலுக்கு வைத்த நினைவுத் தூண், புயல் வெள்ளம் ஏறிய உயரத்தைக் காட்டும் கோடு, சுங்க அலுவலகச் சுவரில் பதித்த பலகை என்று பல வகை. இவற்றை ஒரே பட்டியலில் கொண்டுவரும் வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதுதான் இந்த வழிகாட்டி. முடிவில் உங்கள் கையில் ஒரு அட்டவணை, ஒரு படத்தொகுப்பு, ஒரு வரைபடம் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும்.

புதிதாக இறங்குபவர்கள் உழைப்பில் குறை வைப்பதில்லை. வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். முதல் நாளே கேமராவோடு கிளம்பி, கண்ணில் பட்டதையெல்லாம் படமெடுத்து, வீட்டுக்கு வந்ததும் எந்தப் படம் எந்தக் கல் என்று தெரியாமல் முழிப்பார்கள். அதைவிடப் பெரிய தடுமாற்றம் ஒன்று உண்டு. கல்லில் எழுதியிருப்பதும், உண்மையில் நடந்ததும், ஊரார் சொல்வதும் ஒரே குறிப்பில் கலந்துவிடும். இவற்றைத் தனித்தனிக் கட்டங்களில் எழுதும் பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

1. எதைச் சேர்ப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லை இல்லாமல் தொடங்கினால் பட்டியல் முடியவே முடியாது. பழைய துறையிலிருந்து எவ்வளவு தூரம் வரை, எந்த ஆண்டுக்கு முந்தையவை, எழுத்து உள்ளவை மட்டுமா என்று மூன்று வரியில் எழுதி வையுங்கள். பின்னால் சந்தேகம் வரும்போது அந்த மூன்று வரிதான் தீர்ப்புச் சொல்லும்.

எழுத்து இல்லாதவற்றையும் சேர்க்கலாம் என்பது என் கருத்து. துறைமுகத்தில் அவைதான் அதிகம் தவறவிடப்படுகின்றன. பழைய பீரங்கியைச் செங்குத்தாகப் புதைத்து, கப்பலைக் கயிற்றால் பிணைக்கும் கம்பமாக்கியிருப்பார்கள். துறைச் சுவரின் விளிம்புக் கல்லில் கயிறு உரசி உரசிப் பள்ளம் விழுந்திருக்கும். அந்தப் பள்ளம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்தால் கப்பல் எந்தத் திசையில் நின்றது என்பது தெரியும். ஊர்ச் சுவர்களில் அந்த வட்டாரத்துப் பாறையோடு சேராத கல் தென்பட்டால், வெற்றுக் கப்பலை நிலைநிறுத்த அடித்தளத்தில் ஏற்றிவந்து இங்கே இறக்கிய கல்லாக இருக்கலாம்.

உயரக் குறிகளையும் விடாதீர்கள். 1684-இல் ஆம்ஸ்டர்டாமின் நீர்மதகுகளில் கடல் அணையின் உயரத்தைக் குறிக்க எட்டுப் பளிங்குக் கற்கள் பதித்தார்கள். ஒவ்வொன்றிலும் படுக்கைவாட்டில் ஒரு கோடு. அந்த ஊரின் நீர்மட்ட அளவையே அதிலிருந்துதான் வளர்ந்தது. அவற்றில் ஒன்று மட்டுமே இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. விவரம் தெரியாதவர் அதைச் சாதாரணக் கீறல் என்று கடந்துபோவார்.

2. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் அனுமதி. சர்வதேசக் கப்பல்கள் வந்துபோகும் துறைமுகங்களில், 2004 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள கப்பல், துறைமுகப் பாதுகாப்பு விதித்தொகுப்பின்படி வேலியும் காவலும் கட்டாயம். வேலிக்குள் இருக்கும் கல்லைப் படமெடுக்க எழுத்துப்பூர்வ அனுமதி வாங்குங்கள். வேலி ஓரமாக நின்று ஜூம் செய்து எடுக்கும் படத்தில் எழுத்து தெரியாது, வம்பு மட்டும் வரும். கல்லறைகளுக்கும் வழிபாட்டு இடங்களுக்கும் அனுமதி தருபவர் வேறு. அதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் நீர் ஏற்ற இறக்க அட்டவணை. அலைதடுப்புச் சுவரின் அடியிலும் படித்துறையின் கீழ்ப்படிகளிலும் இருக்கும் எழுத்து நீர் இறங்கும்போதுதான் வெளியே வரும். நீர் முழுதாக இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அங்கே இருங்கள். இறங்கிக்கொண்டிருக்கும் நீரில் வேலை செய்வது பாதுகாப்பு. ஏறத் தொடங்கிய பிறகு போனால் அவசரத்தில் வழுக்கி விழுவதுதான் நடக்கும்.

மூன்றாவது, பழைய வரைபடங்கள். கடல் வரைபடத்தில் ஆழம் பெரும்பாலும் பாத்தம் என்ற அளவில் இருக்கும். ஒரு பாத்தம் ஆறு அடி, அதாவது சுமார் 1.83 மீட்டர். தீர்க்கரேகையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கிரீன்விச்சைத் தீர்க்கரேகையின் தொடக்கக் கோடாக எல்லா நாடுகளுக்கும் பொதுவாக வைக்கலாம் என்று மாநாட்டில் முடிவானதே 1884-இல்தான். பழைய பிரெஞ்சு வரைபடங்கள் பாரிஸிலிருந்து கணக்கிட்டவை. பாரிஸ் கிரீன்விச்சுக்குக் கிழக்கே சுமார் 2 பாகை (டிகிரி) 20 கலை (நிமிடம்) தள்ளி இருக்கிறது. இதைக் கவனிக்காமல் எண்ணை அப்படியே போனில் தட்டினால் உங்கள் கப்பல் நினைவுத்தூண் நடுக்கடலிலோ, மலையடிவாரத்திலோ போய் நிற்கும்.

மற்றபடி பை கனமாக இருக்க வேண்டாம். அளவுகோல் பட்டை, அளவு நாடா, நல்ல டார்ச், சிறிய கண்ணாடி, எண் எழுதிய சீட்டுகள், பென்சில், கெட்டி அட்டை நோட்டு போதும். பென்சில் ஏன் என்றால் கடற்கரை ஈரத்தில் பேனா மை பரவிவிடும்.

3. இன்றைய துறையிலிருந்து அல்ல, பழைய கரையிலிருந்து நடங்கள்

எல்லோரும் இன்றைய படகுத்துறையில் தொடங்குவார்கள். அது தவறான தொடக்கம். கரை நகரும். ரோமின் பழைய துறைமுகமான ஓஸ்டியா இன்று கடலிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. இன்றைய துருக்கியில் உள்ள எபேசஸ் துறைமுகமும் ஆற்று வண்டலில் தூர்ந்து உள்நாடாகிவிட்டது. தரங்கம்பாடியில் நடந்தது நேர் எதிர். அங்கே மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது.

அதனால் கிடைத்ததிலேயே பழைய வரைபடத்தின் கரைக்கோட்டை இன்றைய வரைபடத்தின் மேல் வரைந்து, அந்தக் கோடு இப்போது எந்தத் தெருவில் ஓடுகிறது என்று பாருங்கள். பழைய கிடங்குகள், சுங்கச் சுவர், நங்கூரக் கடைகள் இருந்த வரிசை அங்கேதான் இருக்கும். அந்தத் தெருவை ஒரு பக்கமாக முழுதும் நடந்து, திரும்பும்போது மறுபக்கம் பார்த்து வாருங்கள். இரு பக்கமும் ஒரே நேரத்தில் பார்த்து நடந்தால் சுவரின் அடிப்பகுதியில் இருப்பவை கண்ணுக்குத் தப்பிவிடும்.

மறுபயன்பாட்டில் உள்ள கற்களைத் தேடுங்கள். இலங்கையின் காலி நகரில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு, 1409-ஆம் ஆண்டு தேதியிட்டுச் சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோவின் கப்பற்படை வைத்தது. 1911-இல் அது கண்டெடுக்கப்பட்டபோது ஒரு சிறு பாலத்தின் மூடுகல்லாக, எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி கிடந்தது. வாசற்படி, துணி துவைக்கும் கல், சாக்கடை மூடி, மதில் மூலை ஆகியவற்றை ஒரு நிமிடம் நின்று பார்ப்பது வீண்போகாது.

இந்த முதல் நடையில் படம் வேண்டாம், எண் மட்டும் போடுங்கள். எத்தனை கற்கள், எது எந்தத் திசையைப் பார்க்கிறது, எதற்கு எந்த நேரத்து வெயில் என்று தெரிந்த பிறகுதான் படமெடுக்கும் நாளைத் திட்டமிட முடியும்.

4. எண், இடம், உயரம்

ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு எண் கொடுங்கள். எண்ணில் அர்த்தம் எதையும் திணிக்காதீர்கள். தெருப் பெயரையோ, கல்லின் வகையையோ எண்ணில் சேர்த்தால், கல்லை நகர்த்தும்போதோ வகை மாறும்போதோ எண் பொய்யாகிவிடும். 001, 002 என்று போனாலே போதும். நீக்கிய எண்ணை வேறு கல்லுக்குத் தரவே கூடாது.

திறந்த வானத்தின் கீழ் போனின் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் வரை பிசகும். குறுகிய சந்துகளில் இன்னும் மோசம். கல்லறைத் தோட்டத்தில் ஐந்து மீட்டருக்குள் நாலைந்து கல்லறைகள் இருக்கும். ஆகவே ஜிபிஎஸ் எண்ணோடு, நகராத இரண்டு இடங்களிலிருந்து நாடா பிடித்து அளந்த தூரத்தையும் எழுதுங்கள்.

துறைமுகத்தில் உயரமும் ஒரு செய்திதான். ஜப்பானின் மியாகோவில் உள்ள அனேயோஷி என்ற குக்கிராமத்தில், 1933 ஆழிப்பேரலைக்குப் பிறகு வைத்த கல் ஒன்று, இதற்குக் கீழே வீடு கட்டாதீர்கள் என்கிறது. 2011-இல் அலை அந்தக் கல்லை எட்டும் முன்பே நின்றுவிட்டது. இப்படிப்பட்ட கல்லுக்கு நிற்கும் இடம்தான் பாதிச் செய்தி. சாலை அகலப்படுத்தக் கீழே இறக்கி அழகாக வைத்துவிட்டால் கல் இருக்கும், செய்தி பொய்யாகிவிடும். ஜப்பானின் அரசு வரைபடங்களில் 2019 முதல் இத்தகைய கற்களுக்குத் தனிக் குறியீடே உண்டு.

ஆகவே ஒவ்வொரு பதிவிலும் ஒரு கட்டம்: இருந்த இடத்திலேயே இருக்கிறதா, நகர்த்தப்பட்டதா, தெரியவில்லையா? அசலா, நகலா? நமீபியாவின் கேப் கிராஸில் 1486-இல் போர்த்துகீசியர் நட்ட சிலுவைத் தூண் 1893-இல் ஜெர்மனிக்குப் போய்விட்டது. அதன் பிறகு அங்கே நின்றவை நகல்கள். நகலைப் பதிவு செய்வதில் தப்பே இல்லை. நகல் என்று எழுதாமல் விடுவதுதான் தப்பு.

5. படமெடுப்பது

அதிகம் சொதப்பும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வரிசை இது: எண் சீட்டு, கல் நிற்கும் சூழல், முழுக் கல் அளவுகோலோடு, பிறகு எழுத்து. சீட்டை முதலில் எடுத்தால் அடுத்த சீட்டு வரும்வரை உள்ள படங்களெல்லாம் அந்தக் கல்லுடையவை. வேறு எந்த ஏற்பாடும் தேவையில்லை.

எழுத்துக்கு நேர் வெளிச்சம் எதிரி. உச்சி வெயிலில் நேராக எடுத்த படத்தில் தேய்ந்த எழுத்து மறைந்துவிடும். வெளிச்சம் கல்லின் பரப்பை உரசிக்கொண்டு பக்கவாட்டில் வந்தால்தான் பள்ளத்தில் நிழல் விழும். சுவர் பார்க்கும் திசைக்கு ஏற்ப வெயில் சாய்வாக விழும் கொஞ்ச நேரத்தைப் பிடியுங்கள். வெயிலே படாத சுவருக்குக் கண்ணாடியால் வெளிச்சத்தைத் திருப்பி விடலாம், அல்லது இருட்டிய பின் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பிடிக்கலாம். டார்ச்சை ஒரு பக்கம் மட்டும் வைத்தால், வெளிச்சம் ஓடும் திசையிலேயே வெட்டிய கோடுகளுக்கு நிழல் விழாது, எழுத்து பாதி காணாமல் போகும். நான்கு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு படம் எடுங்கள். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் குழிந்த எழுத்து புடைத்ததுபோலத் தோன்றிக் குழப்பும்.

கேமரா கல்லுக்கு இணையாக இருக்க வேண்டும். உயரத்தில் உள்ள பலகையைக் கீழிருந்து அண்ணாந்து எடுத்தால் மேல்வரி சிறுத்துவிடும். பித்தளைப் பலகையில் உங்கள் முகமே தெரியும். கருப்புக் குடையைப் பின்னால் விரித்துப் பிடித்தால் பளபளப்பு அடங்கும்.

எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டுமென்று சாக்பீஸ், மாவு, சாம்பல் எதையும் தேய்க்காதீர்கள். கல்லின் நுண்துளைகளில் அது தங்கிவிடும். அதோடு, நீங்கள் எழுத்து என்று நினைத்ததைத்தான் வெள்ளையாக்கியிருப்பீர்கள். அடுத்து வருபவர் உங்கள் ஊகத்தைக் கல்லின் எழுத்தாகப் படிப்பார். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி மையால் எழுத்தைப் படியெடுக்கும் மைப்படி, பயிற்சி பெற்றவர் வேலை. உப்பால் பொரிந்த கல்லில் ஈரத்தாளை வைத்து அடித்தால் மேல்தோல் தாளோடு வந்துவிடும்.

6. எழுத்தை உள்ளபடி எடுத்தெழுதுவது

படத்தைப் பார்த்து எழுதுவதோடு நிறுத்தாமல், எழுதியதை எடுத்துக்கொண்டு மறுபடி கல்லின் முன் நின்று சரிபாருங்கள். கல்லில் எந்த வரி எங்கே முடிகிறதோ அங்கேயே உங்கள் வரியும் முடியட்டும். எழுத்துப்பிழை, விடுபட்ட எழுத்து, விசித்திரமான சுருக்கம் எல்லாம் அப்படியே. திருத்தம் வேண்டுமானால் பக்கத்துக் கட்டத்தில்.

சிதைந்ததைக் காட்டக் கல்வெட்டாளர்கள் 1931 முதல் பின்பற்றும் லெய்டன் முறை எளிது: அழிந்துபோய் நீங்கள் ஊகித்து நிரப்பியது சதுர அடைப்புக்குள், சுருக்கத்தை விரித்தது வளை அடைப்புக்குள், சந்தேகமான எழுத்தின் கீழே ஒரு புள்ளி. இந்த மூன்றைக் கற்றுக்கொண்டாலே போதும்.

புதியவர்கள் ஏமாறும் இடம் வண்ணப்பூச்சு. பழைய கல்லின் எழுத்துக்கு ஆண்டுதோறும் கருப்படிப்பவர் தேய்ந்த 6-ஐ 8 ஆக்கிவிடுவார். நாம் சாயத்தைப் படித்துவிட்டு வருவோம். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து உளியின் பள்ளத்தைப் பாருங்கள், நிறத்தைப் பார்க்காதீர்கள். பள்ளமும் சாயமும் ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டையும் எழுதுங்கள்.

பல மொழி இருந்தால் ஒன்றைப் படித்துவிட்டு மற்றவையும் அதேதான் என்று விடக்கூடாது. காலிக் கல்லில் சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்கும் காணிக்கை செலுத்துகிறது. ஒரே கல், மூன்று தனி உரைகள்.

7. தேதி: ஒரே கட்டம் போதாது

நிகழ்வு நடந்த தேதி, கல் வைத்த தேதி, புதுப்பித்த தேதி என்று மூன்று கட்டம் வேண்டும். அமெரிக்காவின் பிளைமவுத் பாறை நல்ல உதாரணம். அதில் 1620 என்று பொறித்திருக்கிறது. இங்கிலாந்திலிருந்து குடியேற வந்தவர்கள் கரையிறங்கியது அந்தப் பாறையில்தான் என்ற பேச்சு முதலில் பதிவானது 1741-இல். எண்ணைப் பொறித்தது 1880-இல். ஒரே கட்டம் வைத்திருந்தால் 1620 மட்டும் பதிவாகி, கல்லின் வயதும் அதுவே என்றாகிவிடும்.

துறைமுகத்தில் பல நாட்காட்டிகள் கலந்திருக்கும். சக ஆண்டோடு 78 கூட்டினால் பொது ஆண்டு. சீனத்தின் குவான்சோ துறைமுகத் தமிழ்க் கல்வெட்டில் சக ஆண்டு 1203, சித்திரை என்று இருக்கிறது, ஆகவே 1281. ஆனால் ஜனவரியிலிருந்து அந்தச் சக ஆண்டு முடியும்வரை உள்ள நாட்களுக்கு 79 கூட்ட வேண்டும். மாதம் தெரியாவிட்டால் இரண்டு ஆண்டையும் எழுதுவதே நேர்மை.

ஐரோப்பியக் கல்லறைகளில் வேறு சிக்கல். ஹாலந்து மாகாணம் புதிய (கிரிகோரியன்) நாட்காட்டிக்கு 1580-களிலேயே மாறிவிட்டது. டென்மார்க் 1700-இல், பிரிட்டன் 1752-இல். அதனால் 1650-இல் ஒரே நாளில் இறந்த டச்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் கல்லில் 10 நாள் வித்தியாசம் இருக்கும். இங்கிலாந்தின் ஆண்டு 1752-க்கு முன் மார்ச் 25-இல் தொடங்கியது. எனவே பிப்ரவரி 1720 என்ற கல் நம் கணக்கில் 1721 ஆக இருக்கலாம்.

கப்பல் விபத்துக் கற்களில் இன்னொன்றையும் கவனியுங்கள். பிரிட்டிஷ் கடற்படையின் நாள்குறிப்புகளில் 1805 வரை நாள் என்பது நண்பகலில், கரையின் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் முன்பே தொடங்கியது. செவ்வாய் மாலை தரைதட்டிய கப்பல் அதில் புதன் என்று இருக்கும். கல்லும் நாள்குறிப்பும் ஒரு நாள் முரண்பட்டால் யாரோ தப்பு செய்தார்கள் என்று உடனே முடிவு கட்டாதீர்கள்.

8. கல் சொல்வதைச் சரிபார்ப்பது

கல்லை வைத்தவருக்கு ஒரு நோக்கம் இருக்கும். அதனால் ஒவ்வொரு கூற்றையும் தனித்தனியாகப் பிரித்து எழுதுங்கள்: யார், எப்போது, எங்கே, எத்தனை பேர். ஒவ்வொன்றுக்கும் கல்லைத் தவிர வேறொரு சான்று தேடுங்கள். அந்தச் சான்று இதே கல்லைப் பார்த்து எழுதியதாக இருந்தால் கணக்கில் சேராது. ஊர் மலர்களும் சுற்றுலாக் கையேடுகளும் பெரும்பாலும் அப்படித்தான்.

கப்பல் பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். ஒரே பெயரில் அதே ஆண்டில் பல கப்பல்கள் ஓடியிருக்கும். கேப்டன் பெயர், டன் அளவு, புறப்பட்ட துறைமுகம் மூன்றும் பொருந்த வேண்டும். கப்பல்களைப் பட்டியலிடும் லாயிட்ஸ் பதிவேடுகளில் இன்று கிடைப்பவை 1764 முதல் தொடங்குகின்றன. 1855 முதல் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களுக்குப் பெயர் மாறினாலும் மாறாத அதிகாரபூர்வ எண் உண்டு. அந்த எண் கிடைத்துவிட்டால் குழப்பம் தீர்ந்தது.

“முதல்”, “மிகப் பழைய”, “ஒரே” என்ற சொற்கள் கல்லில் இருந்தால் அவற்றைக் கல்லின் கூற்று என்றே வையுங்கள். உங்கள் விளக்கத்தில் திரும்ப எழுத வேண்டாம்.

9. ஊராரிடம் கேட்பது

இதை இவ்வளவு பிந்தி வைப்பதற்குக் காரணம் உண்டு. படமும் எழுத்தும் கையில் இருந்தால் பேச்சு சட்டென்று கல்லுக்கு வந்துவிடும். “இந்த ஊர் வரலாறு சொல்லுங்கள்” என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் கதைதான் வரும். “இந்தக் கல் நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதும் இங்கேதான் இருந்ததா?” என்று கேளுங்கள். எங்கிருந்து தூக்கி வந்தார்கள், எந்தப் புயலில் சாய்ந்தது என்றெல்லாம் வரும். யார், எந்த ஆண்டு நினைவிலிருந்து சொன்னார் என்பதைத் தனியாக வையுங்கள். பெயரை வெளியிட அனுமதி கேளுங்கள்.

10. நிலைமையைக் குறிப்பது

உப்புக் காற்று கல்லை உள்ளிருந்து உடைக்கும். ஈரத்தோடு உள்ளே போன உப்பு, காயும்போது படிகமாகி மேல்பரப்பைப் பொரித்துத் தள்ளும். இரும்பு ஆணியால் பொருத்திய பலகையில் துரு வீங்கிக் கல்லைப் பிளக்கும். இவற்றை விரிசல், பொரிவு, துருக்கறை, பாசி என்று எளிய சொற்களில், கல்லின் எந்தப் பகுதி என்று சேர்த்து எழுதுங்கள். “நன்றாக உள்ளது” என்பது குறிப்பே அல்ல.

சுத்தம் செய்யும் ஆசை எல்லோருக்கும் வரும். கம்பித் தூரிகை, அமிலம், பிளீச்சிங் பவுடர் மூன்றும் கூடவே கூடாது. தண்ணீர் ஊற்றிக் கழுவினால்கூட உள்ளே உள்ள உப்பு கரைந்து இடம் மாறி வேறிடத்தில் வெடிக்கும். காய்ந்த மணலையும் சருகையும் கையால் விலக்குவதோடு நிறுத்துங்கள்.

11. சேமிப்பு, வெளியீடு, மறுபார்வை

படக்கோப்பின் பெயர் கல்லின் எண்ணில் தொடங்கட்டும். அட்டவணையைச் சாதாரண ஸ்ப்ரெட்ஷீட்டில் வைத்து, ஒரு பிரதியை ஊர் நூலகத்துக்குக் கொடுங்கள். திருத்தும்போது பழைய வாசிப்பை அழிக்காமல் தேதியோடு புதிய வாசிப்பைக் கீழே சேருங்கள்.

எல்லா இடத்தையும் துல்லியமாக வெளியிட வேண்டியதில்லை. பெயர்த்து எடுத்துப் போகக்கூடிய சிறு கற்கள், பித்தளைப் பலகைகள், நீருக்கடியில் கிடக்கும் உடைந்த கப்பல்கள் ஆகியவற்றுக்கு ஊர் அல்லது கடற்பகுதி அளவில் சொன்னால் போதும், நுண்ணிய எண்ணை உரிய அலுவலகத்திடம் கொடுங்கள். யுனெஸ்கோவின் 2001 உடன்படிக்கை, நூறு ஆண்டுகளாவது நீருக்கடியில் கிடந்தவற்றை மரபுச் செல்வமாகக் கருதி, அவற்றை வணிக நோக்கில் எடுப்பதைத் தடுக்கிறது. அதில் சேராத நாடுகளும் உண்டு என்பதால் உங்கள் நாட்டுச் சட்டத்தையும் பாருங்கள்.

புயல் காலம் முடிந்ததும் ஒரு சுற்று போய் வாருங்கள். பழைய படத்தைப் போனில் திறந்துவைத்து, அதே இடத்தில் அதே கோணத்தில் நின்று, அதே பக்கத்து வெளிச்சத்தில் எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எழுத்து மங்கியிருக்கும் கற்களை அடுத்த ஆண்டுப் பட்டியலில் முதலில் வையுங்கள். அவற்றுக்கு மட்டும் ஆண்டுக்கு இரண்டு முறை போக வேண்டியிருக்கும்.